பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு: மெய்நிகராக்கத் தளத்தை மாற்றத் திட்டமிடுவது எப்படி?

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரு காலத்தில் ஒண்டுக்குடித்தன வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. நீளமான ஒரே வீட்டில் எட்டோ பத்தோ குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. யார் எப்போது தண்ணீர் இறைக்கலாம், எந்த அறை யாருக்கு என்பதையெல்லாம் வீட்டுக்காரர் வகுத்து வைத்திருப்பார். சர்வர் மெய்நிகராக்கம் என்பதை முதன்முறையாகக் கேட்பவர்களுக்கு நான் இந்த வீட்டைத்தான் உதாரணமாகச் சொல்வது வழக்கம். சர்வர் பெட்டி அந்த வீடு. அதற்குள் இயங்கும் மெய்நிகர் கணினிகள், அதாவது அலுவலகப் பேச்சில் விஎம்கள், குடித்தனக்காரர்கள். செயலி, நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு ஆகியவற்றை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள்தான் வீட்டுக்காரர். ஒண்டுக்குடித்தனத்தில் பக்கத்து வீட்டுக் குழம்பின் மணம் வந்துவிடும். விஎம்முக்கோ பக்கத்தில் இன்னொன்று இருப்பதே தெரியாது, முழு வீடும் தனக்கே என்ற நம்பிக்கையில் அது இயங்கிக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாடு புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்காக 1972இல் அறிவித்த விஎம்/370 இதைத்தான் செய்தது. சாதாரண சர்வர்களுக்கு அது இறங்கிவர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1998இல் தொடங்கப்பட்ட வீஎம்வேர் 2001இல் ஈஎஸ்எக்ஸ் சர்வரை வெளியிட்டது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் இதற்கான வசதியைச் செயலிக்குள்ளேயே சேர்த்தன. 2007இல் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸ் கருவின் பகுதியாகியது. 2008இல் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வந்தது. இன்று பலரும் பேசும் ப்ராக்ஸ்மாக்ஸ், கேவிஎம்மின் மேல் கட்டப்பட்டதே.

வீட்டுக்குள் குடித்தனம் நடத்துவதைப் பற்றி எழுதுவோர் பலர் உள்ளனர். வீடு பழுதாகி, எல்லாக் குடித்தனங்களையும் புது வீட்டுக்கு மாற்ற வேண்டிய நாள் வரும்போது என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்த மாற்றத்தில், விஎம்களை நகர்த்தும் வேலை கருவிகளின் துணையால் எளிதாகிவிட்டது. எதை, எந்த வரிசையில் நகர்த்துவது, நகர்த்தியது சரிவராவிட்டால் எந்த வழியில் திரும்புவது என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் கடினமான பகுதி.

ஏன் மாற்ற வேண்டியிருக்கிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது கற்பனைதான், ஆனால் இதைப் போன்ற சர்வர் அறைகளை அந்தப் பக்கம் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. எட்டு ஆண்டுகள் பழைய மூன்று சர்வர்கள், அவற்றின் மேல் வீஎம்வேரின் மெய்நிகராக்கத் தொகுப்பான வீஸ்பியர் 6.7, அதற்குள் 28 விஎம்கள். கணக்கு மென்பொருள், கோப்பு சர்வர், வருகைப்பதிவு, தரக்கட்டுப்பாட்டுத் தரவுத்தளம், பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் சரிபார்க்கும் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் என எல்லாம் அங்கேதான் உள்ளன.

இங்கே இரண்டு பிரச்சினைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முதலாவது மென்பொருள். வீஸ்பியர் 6.7க்கான பொது ஆதரவு 2022 அக்டோபர் 15 அன்றே முடிந்துவிட்டது; அதற்கடுத்த 7ஆம் பதிப்புக்கும் 2025 அக்டோபர் 2 அன்று முடிந்துவிட்டது. ஆதரவு முடிந்த ஹைப்பர்வைசரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அது ஒரு விஎம்மோடு நிற்காது. வீட்டுக்காரரின் சாவிக்கொத்தே திருடன் கைக்குப் போனதற்குச் சமம். இரண்டாவது வன்பொருள். உத்தரவாதம் முடிந்த சர்வரின் வட்டுகளும் மின்வழங்கிகளும் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கும். உதிரிபாகத்துக்கு ரிச்சி தெருவில் அலையும் நிலை வந்துவிட்டால், காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

பழைய பெட்டியிலேயே புதிய பதிப்பை நிறுவிக்கொண்டால் ஆகாதா என்று தொடக்கநிலையில் இருப்போர் கேட்பதுண்டு. சில வேளைகளில் ஆகும். பல வேளைகளில் ஆகாது. எடுத்துக்காட்டாக, வீஸ்பியரின் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 வெளிவந்தபோது, லினக்ஸிலிருந்து பெறப்பட்ட பழைய இயக்கிகளுக்கான (டிரைவர்களுக்கான) அடுக்கு முற்றிலும் நீக்கப்பட்டது. ஆகவே அந்த இயக்கிகளை நம்பியிருந்த வலை அட்டைகளும் வட்டுக் கட்டுப்படுத்திகளும் மேம்படுத்தலுக்குப் பின் கண்ணுக்கே தெரியாமல் போயின. வட்டே தெரியாத சர்வரை நள்ளிரவில் பார்த்துக்கொண்டு நிற்பது நல்ல அனுபவமன்று. ஹைப்பர்வைசர் நிறுவனங்கள் வெளியிடும் பொருத்தப் பட்டியலில் சர்வர் மாதிரி, செயலி, வட்டுக் கட்டுப்படுத்தி, வலை அட்டை ஆகிய நான்கையும் தனித்தனியே தேடிப் பார்க்க வேண்டும். சர்வரின் பெயர் பட்டியலில் இருந்தால் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது.

எனவே பழையதைத் தொடாமல் விட்டு, அதன் அருகிலேயே புதிய வன்பொருளில் புதிய தளத்தை அமைத்து, விஎம்களை ஒவ்வொன்றாக மாற்றுவதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். செலவு சற்றுக் கூடும். ஆனால் பழைய வீட்டின் சாவி கடைசிவரை கையில் இருக்கும்.

எந்தத் தளம் என்பது தனிக் கேள்வி. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வீஎம்வேரை வாங்கியதும், ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் நிறுத்தப்பட்டு, சந்தா முறை மட்டுமே எஞ்சியது. அதனால்தான் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் பலவும் ஹைப்பர்-வி, ப்ராக்ஸ்மாக்ஸ் ஆகியவற்றின் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன. லைசென்ஸ் செலவு குறைகிறது என்பதற்காக மட்டும் தளத்தை மாற்றுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இரவு இரண்டு மணிக்குப் பழுது வந்தால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் உங்கள் அலுவலகத்தில் யார் என்ற கேள்விக்கு முதலில் ஒரு பெயரைச் சொல்ல முடிய வேண்டும்.

முதல் வேலை: பட்டியல்

புதிய சர்வருக்கு விலைப்புள்ளி கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டியது, இப்போது இருப்பவற்றின் பட்டியல். விஎம்மின் பெயர், இயங்குதளமும் அதன் பதிப்பும், ஒதுக்கப்பட்ட செயலி, நினைவகம், வட்டு, ஐபி முகவரி, பொறுப்பாளர் என்று விரிதாளில் ஒரு வரிசை எழுதுவது எளிது; மேலாண்மைத் திரையிலிருந்தே பெரும்பாலும் எடுத்துவிடலாம். திரையில் வராதவைதான் பின்னால் வந்து தொல்லை தரும்.

கிண்டியில் ஓர் அலுவலகத்தில் நானும் இன்னும் இருவரும் சேர்ந்து இத்தகைய மாற்றத்தைச் செய்தோம். சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மதியத்துக்குள் எல்லா விஎம்களும் புதிய சர்வர்களில் ஓடின. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். திங்கள் காலை ஒன்பதே காலுக்குக் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது: மென்பொருள் திறக்கிறது, ஆனால் லைசென்ஸ் இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் எதையெதையோ தேடிய பிறகு, டார்ச் விளக்கோடு ரேக்கின் பின்பக்கம் போனோம். பழைய சர்வரின் யூஎஸ்பி துளையில், மென்பொருளின் லைசென்ஸைத் தாங்கிய, நகத்தளவுப் பச்சை டாங்கிள் ஒன்று தூசி மூடிக் கிடந்தது. அதன் பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டி, யாரோ எப்போதோ 'எடுக்காதீர்கள்' என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். எங்கள் பட்டியலில் 12 பத்திகள் (நெடுவரிசைகள்) இருந்தன. சர்வரின் முதுகில் என்ன செருகியிருக்கிறது என்ற பத்தி இல்லை. அன்று முதல் நான் பட்டியலை விசைப்பலகையில் தொடங்குவதில்லை, ரேக்கின் பின்னாலிருந்துதான் தொடங்குகிறேன்.

டாங்கிளைப் போலவே ஒளிந்திருப்பவை இன்னும் உள்ளன. சில மென்பொருள்களின் லைசென்ஸ் வலை அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். மாற்றத்தின்போது அந்த முகவரி மாறினால் மென்பொருள் தன்னை ஓர் அந்நியக் கணினியில் இருப்பதாகக் கருதும். வாசலில் உள்ள கைரேகை வருகைப்பதிவுக் கருவி, சர்வரின் ஐபி முகவரியை நேரடியாகத் தன்னுள் வைத்திருக்கும். அதன் கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆண்டில் ஒரேயொரு முறை, வருமானவரிக் கணக்குக்காக மட்டும் திறக்கப்படும் விஎம் ஒன்றை யாருக்கும் தேவையில்லை என்று முடிவுகட்டி அழித்துவிடுவோரும் உண்டு.

இவற்றைவிடவும் முக்கியமானது, எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற வரைபடம். கணக்கு மென்பொருள் தரவுத்தளத்தைச் சார்ந்தது. தரவுத்தளம், கணினிப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸைச் சார்ந்தது. டிஎன்எஸ் டொமைன் கன்ட்ரோலரில் உள்ளது. டொமைன் கன்ட்ரோலர் ஒரு விஎம். அந்த விஎம்மை இயக்கும் ஹோஸ்டுக்குள், அதாவது சர்வர் பெட்டிக்குள் நுழைய, டொமைன் கணக்கின் கடவுச்சொல் தேவை என்று யாராவது அமைத்து வைத்திருந்தால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். எல்லாம் அணைந்து கிடக்கும் நிலையிலிருந்து எதை முதலில் எழுப்புவது என்பதை ஒரு தாளில் எழுதி, ஹோஸ்டுகளின் நேரடிக் கடவுச்சொற்களோடு உறையிலிட்டுப் பூட்டிவைக்க வேண்டும். கணினியில் சேமித்த கோப்பு அந்த நேரத்தில் திறக்காது.

எவ்வளவு பெரிய சர்வர்?

பழையதில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு வாங்கிவிடுவது பலரின் பழக்கம். அளந்து வாங்குவதே சரி. குறைந்தது ஒரு மாத காலம், சம்பளம் போடும் நாளும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாளும் உட்பட, உண்மையான பயன்பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கணினியைத் திறக்கும்போது எவ்வளவு தேவைப்படுகிறது என்பதே கணக்கு. கிணற்றடியில் கூட்டம் கூடும் நேரம் அதுதான்.

செயலியையும் நினைவகத்தையும் ஒரே கண்ணோடு பார்க்கக் கூடாது. செயலி கிணற்றைப் போன்றது: நான்கு குடும்பங்கள் முறைவைத்து இறைத்துக்கொள்ளலாம். ஆகவே செயலிக்குள் உள்ள கணிப்பு அலகான கோர் ஒன்றுக்கு நான்கு மெய்நிகர் கோர்கள் வரை ஒதுக்குவது, சாதாரண அலுவலக வேலைகளுக்குப் பொதுவாக ஏற்கப்படும் தொடக்கக் கணக்கு. கனமான தரவுத்தளங்களுக்கு அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நினைவகமோ படுக்கை அறையைப் போன்றது: ஒரே அறையில் இரண்டு குடும்பங்களை முறைவைத்துத் தூங்கச் சொல்ல முடியாது. நினைவகத்தையும் கூடுதலாகப் பங்கிடும் நுட்பங்கள் உள்ளன என்றாலும், அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பேன்.

நம் அம்பத்தூர் நிறுவனத்தில் 28 விஎம்களுக்கும் சேர்த்து 96 மெய்நிகர் கோர்களும் 340 ஜிபி நினைவகமும் ஒதுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டு வளர்ச்சிக்காக 30 சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 125 கோர்கள், 442 ஜிபி. மூன்று பழைய சர்வர்களுக்குப் பதில் இரண்டு புதியவை போதும் என்று முடிவு செய்தால், அவற்றில் ஒன்று விழும்போது மற்றொன்று தனியாகவே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றிலும் 32 கோர்களும் 512 ஜிபி நினைவகமும் தேவை. இரண்டையும் பாதிப் பாதி நிரப்பிவிட்டுக் காசு வீணாகிறதே என்று வருந்தக் கூடாது. அந்தப் பாதிதான் நாம் வாங்கும் பாதுகாப்பு.

இரண்டு சர்வர்கள் மட்டுமே உள்ள கூட்டமைப்பில் (கிளஸ்டரில்) ஒரு சிக்கல் உண்டு. இடையிலுள்ள வலைத்தொடர்பு அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று எண்ணி, ஒரே விஎம்மை இரண்டுமே இயக்க முற்படலாம். தரவு கெடுவதற்கு அதைவிட நேர்வழி வேறில்லை. இரண்டு பேர் மட்டும் உள்ள பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்ல மூன்றாவது ஆள் வேண்டுமல்லவா? அதற்காகவே தனியே ஒரு சிறிய கணினியையோ பகிர்ந்த வட்டையோ சாட்சி வாக்காக அமைக்கிறார்கள். அந்தச் சாட்சியை அதே கூட்டமைப்புக்குள் ஒரு விஎம்மாக வைப்பது வேடிக்கையான பிழை, ஆனால் நடக்கிறது.

கோர்களின் எண்ணிக்கையைத் தேவைக்கு மேல் கூட்டாமல் இருப்பதற்கு லைசென்ஸும் ஒரு காரணம். விண்டோஸ் சர்வருக்கு ஹோஸ்டிலுள்ள எல்லா உண்மையான கோர்களுக்கும், குறைந்தது 16 கோர்களுக்கு, லைசென்ஸ் வாங்க வேண்டும். ஸ்டாண்டர்டு வகையில் அவ்வாறு ஒருமுறை வாங்கினால் இரண்டு விண்டோஸ் விஎம்களுக்கே உரிமை. டேட்டாசென்டர் வகையில் எண்ணிக்கை வரம்பில்லை. ஒரு ஹோஸ்ட் விழுந்தால் எல்லா விஎம்களும் மற்றதற்கு வரும் என்பதால், இரண்டு ஹோஸ்டுகளுக்கும் முழுக் கணக்கில் வாங்க வேண்டும். சர்வரின் விலையைவிட இந்தத் தொகை பெரிதாகிப்போன விலைப்புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் கோர்களைக் குறைத்து நினைவகத்தைக் கூட்டுங்கள்.

செயலி வகையையும் இங்கேயே முடிவு செய்தாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை இன்டெல் செயலியிலிருந்து ஏஎம்டி செயலிக்கு அணைக்காமல் மாற்ற வீஎம்வேரும் ஹைப்பர்-வியும் இடம் தருவதில்லை. அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு தலைமுறைச் செயலிகளாக இருந்தால், புதியதன் கூடுதல் திறன்களை மறைத்துப் பழையதைப் போல் காட்டும் வசதி இருக்கிறது. அதை மாற்றம் முடியும்வரை வைத்திருந்து, பழைய சர்வர்கள் விலகியபின் நீக்கலாம்.

இரண்டு வீடுகளும் ஒரே நேரத்தில்

மாற்றம் நடக்கும் சில வாரங்களுக்குப் பழைய சர்வர்களும் புதியவையும் ஒரே அறையில் சேர்ந்து ஓடும். திட்டத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பழையவை 2 கிலோவாட் மின்சாரம் இழுக்கின்றன என்று கொள்வோம். சர்வர் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 3.5 கிலோவாட். எனவே இதுவரை ஒரு டன் ஏசி தாராளமாகப் போதுமானதாக இருந்தது. புதியவையும் இன்னொரு 2 கிலோவாட் இழுத்தால், மொத்தம் 4 கிலோவாட். அந்த ஏசி தோற்றுவிடும். கத்திரி வெயிலில், மொட்டைமாடியில் கொதித்துக்கொண்டிருக்கும் வெளிப்புற யூனிட் தன் முழுத் திறனைத் தராது என்பதையும் சேர்த்துக்கொண்டால், மே மாதத்தில் இந்த வேலையை ஏன் வைக்கக் கூடாது என்பது விளங்கும். யூபிஎஸ்ஸும் அப்படியே: சுமை இரட்டிப்பானால் பேட்டரி தாங்கும் நேரம் பாதியாவதோடு நிற்காது, பாதிக்கும் கீழே போய்விடும். புதிய சர்வர் பழைய ரேக்கின் ஆழத்துக்குள் அடங்குமா, அதன் பிளக்குக்கு ஏற்ற துளை இருக்கிறதா என்பவற்றையும் அளவுநாடாவோடு ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நகர்த்தும் முறைகள்

ஓடும் விஎம்மை அணைக்காமல் இடம் மாற்றும் முறை முதலில் மாயம் போலத் தோன்றும். கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டே இருக்கும் பேரேட்டை நகலெடுப்பதாக எண்ணிப் பாருங்கள். முதல் சுற்றில் எல்லாப் பக்கங்களையும் நகலெடுக்கிறீர்கள். அதற்குள் அவர் சில பக்கங்களில் புதிதாக எழுதியிருப்பார். இரண்டாவது சுற்றில் அந்தப் பக்கங்களை மட்டும் நகலெடுக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சியவை குறைந்துகொண்டே வர, கடைசியில் ஒரு கணம் அவர் பேனாவை நிறுத்தச் சொல்லி, மிச்சமுள்ள இரண்டொரு வரியையும் எழுதிக்கொண்டு, புதிய பேரேட்டை அவர் கையில் தருகிறீர்கள். நினைவகத்தின் பக்கங்களை ஹைப்பர்வைசர் இவ்வாறே மாற்றுகிறது. பயனருக்கு அந்த நிறுத்தம் பெரும்பாலும் தெரியாது. வீஎம்வேரில் இதற்கு வீமோஷன் என்று பெயர், 2003இலிருந்தே இருக்கிறது.

பழையதும் புதியதும் ஒரே தளமாகவும் ஒரே செயலி நிறுவனமாகவும் இருந்தால்தான் இது இயலும். தளமே மாறுகிறது என்றால், விஎம்மை அணைத்து, வட்டுக் கோப்பை மாற்றி, புதிய தளத்தில் ஏற்ற வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்யும் வசதி 2024இல் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தினாலும், விண்டோஸ் விஎம்களில் புதிய தளத்துக்கான வட்டு, வலை இயக்கிகளை மாற்றத்துக்கு முன்பே நிறுவிவிட வேண்டும். இல்லையேல் அது தன் வட்டையே அடையாளம் காணாமல் நீலத்திரையில் நிற்கும். புதிய வலை அட்டையைக் கண்டதும் விண்டோஸ் பழைய ஐபி அமைப்பைக் கைவிட்டுவிடும் என்பதால், அதைக் குறித்துவைத்துக் கையால் இட வேண்டும்.

டொமைன் கன்ட்ரோலர்களை மட்டும் இப்படித் தூக்கிச் செல்ல வேண்டாம். புதிய தளத்தில் புதிதாக ஒரு விண்டோஸை நிறுவி, அதை டொமைன் கன்ட்ரோலராக்கி, எல்லாத் தரவும் தானாகவே வந்து சேர்ந்தபின் பழையதை முறைப்படி பதவியிறக்குவதே தூய்மையான வழி. அதைச் செய்யும் நாளில் இரண்டு கன்ட்ரோலர்களையும் ஒன்றாகத் தொடக் கூடாது.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஊகிக்காமல் கணக்கிடலாம். ஒரு கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் விநாடிக்கு ஏறத்தாழ 110 எம்பி செல்லும். நம் அம்பத்தூர் நிறுவனத்தின் விஎம்களில் மொத்தம் 11 டிபி தரவு இருப்பதாகக் கொண்டால், அது 1 கோடியே 10 லட்சம் எம்பி. அதை 110ஆல் வகுத்தால் 1 லட்சம் விநாடி, அதாவது ஏறத்தாழ 28 மணி நேரம். சனிக்கிழமை இரவு தொடங்கினால் திங்கள் விடியற்காலையில்தான் முடியும். சோதிக்க நேரமே இல்லை. 10 கிகாபிட் ஸ்விட்சும் அதற்கு ஈடுகொடுக்கும் வட்டுகளும் இருந்தால், அதே வேலை மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும். பழைய சர்வரில் சுழலும் வட்டுகள் என்றால் ஸ்விட்சை மாற்றியும் பயனில்லை. முதலில் ஒரு சிறிய விஎம்மை நகர்த்தி, உண்மையான வேகத்தை அளந்தபிறகே மற்றவற்றுக்கு நேரம் குறியுங்கள்.

திரும்பி வரும் வழி

திட்டத்தின் ஒவ்வொரு படிக்கும் எதிரே, சரிவராவிட்டால் எப்படித் திரும்புவது, எத்தனை மணிக்குள் திரும்ப முடிவெடுப்பது என்ற இரண்டு பத்திகள் இருக்க வேண்டும். இரவு ஒரு மணிக்குக் களைத்துப்போன மூவர் கூடி, இன்னும் அரை மணி நேரம் முயன்று பார்ப்போமே என்று நான்கு முறை சொன்னால் விடிந்துவிடும். 'ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் கணக்கு மென்பொருள் ஓடாவிட்டால் பழையதை இயக்குவோம்' என்று பகல் வெளிச்சத்தில் எழுதிவைத்த வரிதான் அப்போது கைகொடுக்கும்.

சில படிகளிலிருந்து திரும்ப முடியாது. அவற்றைத் தனியே குறித்துவைத்து, கடைசிக்குத் தள்ள வேண்டும். வீஎம்வேரில் ஒவ்வொரு விஎம்முக்கும் மெய்நிகர் வன்பொருள் பதிப்பு என்று ஓர் எண் உண்டு. புதிய ஹோஸ்டுக்கு வந்ததும் அதை உயர்த்தச் சொல்லித் திரை பரிந்துரைக்கும். உயர்த்தினால் அந்த விஎம்மைப் பழைய ஹோஸ்டுக்குத் திருப்பி எடுத்துச்செல்ல முடியாது. இரண்டு வாரங்கள் பொறுத்துச் செய்தால் எதுவும் கெட்டுவிடாது. அதுபோலவே, முதலில் மேலாண்மை சர்வரான வீசென்டரை உயர்த்தி, அதன் பின்னரே ஹோஸ்டுகளை உயர்த்த வேண்டும். புதிய வீசென்டர் பழைய ஹோஸ்டுகளைக் குறிப்பிட்ட பதிப்புகள் வரை நிர்வகிக்கும், பழைய வீசென்டருக்கோ புதிய ஹோஸ்டுகளை நிர்வகிக்கத் தெரியாது.

விஎம்மின் ஒரு கணத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் என்பது பேக்கப் அன்று. அது அதே வட்டில், மூலக் கோப்பைச் சார்ந்தே நிற்பது. வட்டு போனால் இரண்டும் போகும். மாற்றத்துக்கு முன் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் அனைத்தையும் ஒன்றிணைத்து முடித்துவிட வேண்டும், ஏனெனில் மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்து மறந்துபோன ஒன்று, நகலெடுக்கும் வேளையில் பல மணி நேரத்தை விழுங்கும். பேக்கப் முடிந்தது என்று பச்சை எழுத்தில் காலையில் வரும் மின்னஞ்சலை மட்டும் நம்பாமல், முக்கியமான இரண்டு விஎம்களையாவது அந்த பேக்கப்பிலிருந்து மீட்டு, பிரித்துவைத்த வலையில் இயக்கிப் பார்த்தபிறகே தேதி குறிக்க வேண்டும்.

தேதி குறித்தல்

நல்ல நாள் பார்ப்பதில் நாம் வல்லவர்கள். இங்கே பார்க்க வேண்டிய பஞ்சாங்கம் வேறு. டிடிஎஸ் செலுத்த 7ஆம் தேதி, ஜிஎஸ்டியில் மாத விற்பனை விவரத்துக்கு 11, வரி செலுத்திக் கணக்கு தாக்கல் செய்ய 20, மாதக் கடைசியில் சம்பளம். எஞ்சுவது 21க்கும் 27க்கும் இடைப்பட்ட வார இறுதி ஒன்றுதான். மார்ச் மாதம் முழுவதும் கணக்குப் பிரிவு உங்களைக் கிட்டவே சேர்க்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்வித்த மழையையும் கண்ட சென்னையில், உதிரிபாகத்தோடு வர வேண்டிய பொறியாளர் இடுப்பளவு நீரில் நிற்கக்கூடிய வாரத்தில் யாரும் தெரிந்தே சர்வரைத் தொட மாட்டார்கள். பராமரிப்புக்காகப் பகலில் மின்நிறுத்தம் செய்யும் பகுதிகளின் பட்டியலை மின்வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறை கண்ணைக் கவரும். தொடர்ச்சியாக நான்கு நாள்கள் அலுவலகம் காலி. நகலெடுக்க அது பொருத்தமே. ஆனால் மாற்றிய மென்பொருளைத் திறந்து சரிபார்க்க ஆள் வேண்டும். கிளாம்பாக்கத்தில் ஊருக்குப் பேருந்து ஏறக் காத்திருக்கும் கணக்குப் பிரிவு அம்மாவை அழைத்து, ஒரு பில் போட்டுப் பாருங்கள் என்று கேட்க முடியாது. ஜனவரி அல்லது பிப்ரவரி நான்காம் வாரம், இல்லையெனில் ஜூலை நான்காம் வாரம் என்பதே என் கணக்கு.

வரிசையைப் பொறுத்தவரை, முதல் வார இறுதியில் நின்றாலும் யாரும் கவலைப்படாத இரண்டு மூன்று விஎம்கள். ஒரு வாரம் அவற்றைக் கவனித்தபின் நடுத்தரமானவை. தரவுத்தளத்தையும் அதை நம்பியிருக்கும் மென்பொருளையும் ஒரே தவணையில் சேர்த்து. ஒவ்வொரு தவணைக்குப் பிறகும், அந்த மென்பொருளை அன்றாடம் பயன்படுத்துபவரே உட்கார்ந்து சோதிக்க வேண்டும். நமக்குத் திரை திறந்தால் போதும். அவருக்குத்தான், கடைசி வவுச்சர் எண் எத்தனை, அச்சுப்பொறியில் பில் சரியான தாளில் வருகிறதா என்பதெல்லாம் தெரியும்.

பழையதை அணைத்த பிறகு

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பழைய சர்வர்களை உடனே விற்றுவிடும் ஆசை வரும். ஒரு மாத முடிவும் ஒரு ஜிஎஸ்டி தாக்கலும் புதிய தளத்தில் நடந்து முடியும்வரை அவை அணைத்த நிலையில் ரேக்கிலேயே இருக்கட்டும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள்கள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். பழைய ஹோஸ்டுகளின் பதிவேடுகளும் அதில் அடங்கும் என்பதால், அணைப்பதற்கு முன் அவற்றை வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். வட்டுகளைப் பொறுத்தவரை, சாதாரணமாக அழித்துவிட்டுத் தருவது போதாது. சுழலும் வட்டுகளை முழுமையாக மேலெழுத வேண்டும். எஸ்எஸ்டிகளில் மேலெழுதுவது எல்லாப் பகுதிகளையும் எட்டாது, ஆகவே வட்டுக்குள்ளேயே உள்ள பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அதன் பிறகு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற்று, அந்த ரசீதின் எண்ணைப் பட்டியலில் ஒவ்வொரு சர்வருக்கும் எதிரே எழுதி, வரிசையை மூடலாம்.